மலைக்கு மேலால் கொழும்புக்கு

2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளைத் துடைத்தெடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் பலி. தொலைபேசிகள் செயலிழந்த அந்நாட்களில் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவியும் கம்பி அன்டெனாவும் அதற்குப் போதுமாயிருந்தன.

கல்முனைக்கும் கொழும்புக்கும் நடுவே மலைநாடு. நேர்கோட்டில் செல்லும் மிக உயர் அதிர்வெண் அலைகளை அது மறித்துவிடும். 7.1 மெகாஹேர்ட்ஸ் அலையோ மேலெழுந்து, அயனமண்டலத்தில் திரும்பி, மலைக்கு அப்பால் இறங்கும்.

அந்த அலையின் நீளம் சுமார் 42 மீற்றர். அதில் பாதியளவு கம்பியில் மின்னோட்டம் முனைவரை ஓடித் திரும்பும் நேரம் அலையின் துடிப்போடு இசைகிறது. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதுபோல. கணக்குக்கு 21 மீற்றர் வந்தாலும், முனைகளின் விளைவால் 5 சதவீதம் குறைத்து 20 மீற்றர் எடுப்பார்கள். நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து. முதலில் சற்று நீளமாக விட்டு, நிலையலை விகிதமானியைப் பார்த்துப் பார்த்து நறுக்குவதே புத்தி.

தூரதேசத்தோடு பேசக் கம்பிக்கு உயரம் வேண்டும். கொழும்புக்கு ஆறேழு மீற்றர் தாராளம்: தாழ்ந்த கம்பி அலையை ஏறக்குறையச் செங்குத்தாக மேலே அனுப்பும். இரண்டு தென்னைகளே கம்பங்கள். அவை காற்றில் ஆடும் என்பதால், ஒருமுனைக் கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டு எடை கட்டினால் கம்பி அறாது. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். ஈயப்பற்று வைத்து சிலிக்கோன் பூசுவது அவசியம்.

இரவில் அயனமண்டலம் மெலியும். அப்போது 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், கம்பியும் இருமடங்கு.