கேட்கிற விலையும் நியாய விலையும்

1974-ஆம் வருஷம் நியூ ஜெர்ஸியில் ஒரு குடும்பத்தார் பச்சை நிற போர்டு மஸ்டாங் கார் ஒன்றை 6,000 டாலருக்கு வாங்கினார்கள். வீட்டு அம்மாள் பள்ளிக்கூட உபாத்தியாயினி. பாடம் சொல்லிக் கொடுக்க அந்தக் காரில்தான் போய் வந்தார். 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஸான் பிரான்ஸிஸ்கோவின் மேடுகளில் பறக்கவிட்ட அதே கார்! 1977-ல் மக்வீனே கடிதம் எழுதிக் கேட்டார். "கொடுப்பதற்கில்லை" என்றுவிட்டார்கள். 2020 ஜனவரியில் புளோரிடா ஏலத்தில் அது 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. பழைய வர்ணமும் துருவும் அப்படியே இருந்தன!

இதைக் கேட்டதும், கொட்டகையில் பழைய மஸ்டாங் வைத்திருப்பவர் எல்லாம் விலையை ஏற்றிவிட்டால் நியாயமாகுமா?

இந்த ரகத்துக்கு அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று பெயர். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் முன்னோடி என்பார்கள். நடுத்தர உடம்பு, அதற்குள் ராட்சஸ என்ஜின். அதில்தான் வம்பும் இருக்கிறது, கேளுங்கள்.

1970-ல் பிளிமத் கம்பெனி 'குடா' என்றொரு கார் விற்றது. சுமார் 870 டாலர் கூடக் கொடுத்தால் 'ஹெமி' என்ற பெரிய என்ஜினை வைத்துத் தருவார்கள். அந்த வருஷம் மூடிய கூரையுடன் 652 பேருக்குத்தான் அப்படிக் கிடைத்தது. இன்று சாதாரணக் குடாவுக்கும் ஹெமிக் குடாவுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே சிலர் சாதாரணக் காரில் ஹெமி என்ஜினைத் தூக்கி வைத்து, "அசல்" என்று விலை சொல்கிறார்கள். சேமிப்பையெல்லாம் கொட்டி ஏமாந்தவர்கள் உண்டு.

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. முன் கண்ணாடி வழியே தெரியும் அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 'ஆர்' என்றிருந்தால் பிறவியிலேயே ஹெமி. வேறு எழுத்தானால், பேச்சுக்கே இடமில்லை. என்ஜினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணோடு ஒத்துப் போக வேண்டும். அதையும் அராவிவிட்டுப் புதிதாகப் பொறிக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள்! தொழிற்சாலையில் போட்ட குறிப்புத் தாள் சில கார்களில் பின் ஸீட்டின் ஸ்பிரிங்குக்குள் கசங்கிக் கிடக்கும். எலி கடிக்காமல் விட்டிருந்தால் அது தங்கத்துக்குச் சமம். நகல் கார் ஒன்றும் பாவமில்லை. நகல் என்று சொல்லி, நகலின் விலைக்கு விற்றால் சரி.

"பழுது பார்க்க இத்தனை ஆயிரம் டாலர் செலவழித்தேன்" என்பார் விற்பவர். அது அவர் வீட்டுக் கணக்கு. விளம்பரத்தில் போடும் விலையும் அவருடைய ஆசைதான். இதே வருஷத்து, இதே என்ஜினுள்ள கார் சமீபத்து ஏலத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும். பளபளக்கும் வர்ணத்தில் மயங்காமல் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கரத்துக்கு மேலும் கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் உள்ளே இருப்பது இரும்பில்லை, வெறும் பூச்சு. அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.