கற்றறிதலும் களவும்: விளையாட்டுக் கருவி உணர்த்தும் பதிப்புரிமை நெறி

ஒரு நூலைக் கற்று, அதன் கருத்தைத் தம் சொற்களில் எழுதுதல் புலமை. அந்நூலையே படியெடுத்து விற்றல் களவு. எழுத்துலகம் நன்கறிந்த இவ்வேறுபாடு கணினி உலகில் ஒரு பெரும் வழக்காக எழுந்தது. அதனைச் சுருங்க நோக்குவோம்.

சோனி நிறுவனம் 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனுள் 512 கிலோபைட் கொள்ளளவுள்ள சில்லு ஒன்றில் ‘பயாஸ்’ எனப்படும் அடிப்படை நிரல் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளது. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் இயங்குவது இதுவே. குறுந்தகட்டைப் படித்தல், ஆட்டத்தின் நிலையை நினைவு அட்டையில் பதித்தல் முதலிய பணிகளுக்கு விளையாட்டுகள் இதன் துணையையே நாடுகின்றன.

இத்தகைய கருவியின் செயலை வேறொரு கணினியில் மென்பொருளாலேயே நிகழ்த்திக் காட்டுவது ‘எமுலேட்டர்’ ஆகும். கலிபோர்னியாவின் கனெக்டிக்ஸ் நிறுவனம் 1999இல் மெக்கின்டோஷ் கணினிக்கென ‘வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்’ என்னும் எமுலேட்டரை வெளியிட்டது. அதனை உருவாக்குங்கால் பொறியாளர்கள் சோனியின் பயாஸைப் படியெடுத்து ஆராய்ந்தனர். விற்பனைக்கு வந்த மென்பொருளிலோ தாமே எழுதிய நிரலையே அமைத்தனர். சோனி வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்தது.

ஆயினும், 2000 பிப்ரவரி 10 அன்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பதிப்புரிமை காப்பது நிரலின் வடிவத்தையே. அது செயற்படும் முறையை அன்று. அம்முறையை அறியப் படியெடுத்தல் இன்றியமையாததாக இருந்தமையின், அது நியாயமான பயன்பாடே என்பது தீர்ப்பின் சாரம். எனினும் 2001இல் சோனியே அம்மென்பொருளை விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்தியது.

இத்தீர்ப்பைப் பிறழ உணர்தல் கூடாது. எமுலேட்டரை எழுதுதல் குற்றமன்று என்பதால், சோனியின் பயாஸ் கோப்பை இணையத்தில் பலர்க்கும் வழங்குதல் முறையாகிவிடாது. விளையாட்டுகளுக்கும் இதுவே பொருந்தும். எளிதில் கிடைப்பதெல்லாம் உரிமையோடு கிடைப்பதாகாது. தம் கருவியிலிருந்து தாமே படியெடுத்தல் பற்றிய சட்டமோ நாட்டுக்கு நாடு வேறுபடும். இவ்விடரைத் தவிர்க்கவே சில எமுலேட்டர்கள், பயாஸின் பணிகளைப் புதிதாக எழுதிய தம் நிரலைக் கொண்டே நிறைவேற்றுகின்றன.

எமுலேட்டரால் விளையும் நன்மையும் சிறிதன்று. கருவிகள் பழுதுறும், சில்லுகள் கெடும். அவற்றோடு ஒரு தலைமுறையின் கலைப்படைப்புகளும் மறைந்துபோகாமல் காக்க வல்லது இம்மென்பொருள். 2018இல் சோனி தன் பழைய விளையாட்டுகளைத் தொகுத்துப் ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ கருவியை வெளியிட்டது. அதனுள் அவ்விளையாட்டுகளை இயக்கியது, பிறர் எழுதி உலகிற்கு அளித்த திறந்த மூல எமுலேட்டரே. முன்னர் வழக்காடி எதிர்த்த கலையையே பின்னர் அந்நிறுவனம் துணைக்கொண்டது.

பிறர் உழைப்பை ஆராய்ந்து அறியும் உரிமை அறிவை வளர்க்கும். அவ்வுழைப்பின் உடைமையை மதிக்கும் கடமை உழைத்தோரைக் காக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே போற்றுதல் கணினி பயிலும் மாணவர்க்கு இன்றியமையாதது.