குழாய்க்குள் ஒரு ராடர்: ஒரு மில்லிமீற்றரின் பெறுமதி

ராடர் என்றால் விமானத்தையும் கப்பலையும் கண்டுபிடிக்கும் கருவி என்றே எம்மில் பலர் நினைக்கின்றோம். பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அளப்பதற்கும் ராடர் பயன்படுகிறது. சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் 1970களில் எண்ணெய்க் கப்பல்களுக்காக இவ்வகைக் கருவியைத் தயாரித்தது. பின்னர் அது கரையிலுள்ள தாங்கிகளுக்கும் வந்தது.

விடயம் இலகுவானது. தாங்கியின் உச்சியிலுள்ள கருவி நுண்ணலையைக் கீழே அனுப்புகிறது. அது எண்ணெயின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. போய்வர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது.

ஆனால் மசகு எண்ணெய், பெற்றோல் தாங்கிகள் பலவற்றில், எண்ணெய் ஆவியாகி வீணாகாதிருக்கக் கூரையே எண்ணெயின் மேல் மிதக்கும். அது அலையை மறைத்துவிடும். எனவே கூரையினூடாக அடிவரை ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அதற்குள் அலையை அனுப்புகிறார்கள். உள்ளும் புறமும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்பதற்காகக் குழாயில் துளைகள் இருக்கும். துருவும் துளைகளும் அலையைக் குழப்பாதிருக்க, குழாய்ச் சுவரை அதிகம் தொடாத ஓர் அலை வடிவத்தைத் தெரிவுசெய்கிறார்கள்.

இங்கேதான் கணக்கு நுட்பமாகிறது. திறந்த வெளியில் செல்லும் வேகத்தில் அலை குழாய்க்குள் செல்வதில்லை. அந்த வேகம் குழாயின் உள்விட்டத்தில் தங்கியுள்ளது. 20 சென்ரிமீற்றர் குழாயில், 10 கிகாஹேர்ட்ஸ் அலை மேற்சொன்ன வடிவத்தில் செல்லும்போது சுமார் 1.7 சதவீதம் தாமதிக்கும். இதைக் கணக்கிலெடுக்காவிட்டால் 10 மீற்றர் தூரத்தில் 17 சென்ரிமீற்றர் பிழைக்கும்.

கருவி அதைத் திருத்திக்கொள்ளும்; ஆனால் உள்விட்டத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதில் 1 மில்லிமீற்றர் தவறினால், அதே 10 மீற்றரில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மில்லிமீற்றர் பிழைக்கும். 40 மீற்றர் விட்டமுள்ள தாங்கியில் ஒரு மில்லிமீற்றர் என்பது 1,250 லீற்றருக்கும் மேல். ஆகவே 2,000 லீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய் வாங்குபவரின் கணக்கிலோ விற்பவரின் கணக்கிலோ காணாமற் போகும். யாரும் திருடவில்லை, ஆனாலும் ஒருவருக்கு நட்டம்.

இவ்வளவு பெரிய தாங்கி எமக்கேது என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தாங்கி அளவை நம்பிச் சரக்கெடுக்கும் எவரும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கருவியின் அளவைக் கைநாடா போட்டு ஒப்பிட்டார்களா? தாங்கி நிறைந்திருக்கும்போது மட்டும் ஒப்பிட்டால் போதாது. அப்போது அலை செல்லும் தூரம் குறைவு, பிழையும் மறைந்திருக்கும். எண்ணெய் இறங்க இறங்கத்தான் அது வளரும். ஆகவே மட்டம் தாழ்ந்திருக்கும்போதும் ஒப்பிட வேண்டும்.

அளவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே அல்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு: 83ஆவது, அல்-முதஃப்பிஃபீன். கருவி நவீனமானது என்பதால் எமது பொறுப்பு நீங்கிவிடாது. தராசு சரியா என்று பார்ப்பதும் வியாபாரியின் அமானிதமே என்பது எனது கருத்து.