சேதன உணவும் குடும்ப நலமும்

நல்லுணவு எது என்னும் வினா இன்று நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. சந்தைக்குச் செல்லும் தாய்மார் பலர், "இது மருந்தடித்த மரக்கறியா, அடியாததா?" என்று கேட்ட பின்னரே பையைத் திறக்கின்றனர். கடைகளிலோ "சேதன உணவு" என்றும் "ஓகனிக்" என்றும் பெயர் பொறித்த பொதிகள் தனித் தட்டிலே வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் விலையும் தனி விலையே. வருவாய் குறைந்த குடும்பம் ஒன்று அத்தட்டினைப் பார்த்து ஏங்க வேண்டுமா? அன்றி, அதனைப் பொருட்படுத்தாது செல்லலாமா? அடியேன் கலைத்துறையிற் பயின்று ஆசிரியத் தொழில் புரிபவன். எனினும், விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்டவற்றையும் நம் முன்னோர் தோட்டங்களிற் செய்து வந்தவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிவோம். சேதனம் என்னும் வடசொல் உயிருள்ளது, அறிவுள்ளது என்னும் பொருளைத் தருவது. தழை, சாணம், குப்பை முதலியவை உக்கி உண்டாகும் எருவைச் சேதனப் பசளை என்கிறோம். தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட பசளைகளையும் பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் நீக்கி, மண்ணின் வளத்தைப் பேணிச் செய்யும் பயிர்ச்செய்கையே சேதன விவசாயம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த உணவு நியமக் குழு 1999ஆம் ஆண்டில் இதற்கு விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி, முன்பு இரசாயனம் இட்ட நிலத்தை ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகளும், நெடுங்காலப் பயிர்களுக்கு 3 ஆண்டுகளும் பொதுவாக மாற்றுக்காலமாகக் கழித்தல் வேண்டும். ஆகவே, ஒரு போகம் மருந்தடியாமல் விட்டதனால் மாத்திரம் ஒரு தோட்டம் சேதனத் தோட்டம் ஆகிவிடுவதில்லை.

இக்கொள்கை மேனாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை என்று எண்ணுவாரும் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படும் அல்பேர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்தியாவிலே பணியாற்றியவர். இந்தூர் நகரில் 1924 முதல் 1931 வரை இருந்து, குப்பையையும் சாணத்தையும் கூட்டெருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். கீழைத்தேயக் கமக்காரரையே தம் ஆசான்களாகக் கருதியவர் அவர். நம் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களையும் நினைத்துப் பாருங்கள். வேலிப் பூவரசின் குழையை வெட்டி மண்ணில் தாழ்த்தினார்கள். வேலியும் கூரையும் புதிதாக வேய்ந்தபோது கழித்த பழைய பனையோலையைத் தோட்டத்திலே புதைத்தார்கள். தரிசாகக் கிடந்த நிலத்திலே ஆடுமாடுகளைப் பட்டி அடைத்து எருவூட்டினார்கள். இவற்றுக்கெல்லாம் அவர்கள் சூட்டிய பெயர் கமம் என்பதே.

இனி, சேதன உணவை உண்பதனால் உடலுக்கு விளையும் நன்மை யாது என்று பார்ப்போம். இதிலே மிகைப்படுத்திக் கூறுவோர் இரு பக்கத்திலும் இருக்கின்றனர். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விற்றமின் முதலிய சத்துக்களில் இருவகை உணவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர்தம் முடிபு. ஆனால், பூச்சிநாசினியின் எச்சம் சேதன விளைபொருள்களில் நூற்றுக்கு 7 மாதிரிகளிலும், ஏனையவற்றில் நூற்றுக்கு 38 மாதிரிகளிலும் காணப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் எல்லையை மீறிய எச்சமோ இருவகையிலும் அரிதாகவே இருந்தது. 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 343 ஆய்வுக் கட்டுரைகள் ஆராயப்பட்டன. சேதன விளைபொருள்களில் உடலைக் காக்கும் சில தாவரப் பொருள்கள் கூடுதலாகவும், கட்மியம் என்னும் நச்சு உலோகம் ஏறக்குறையப் பாதியளவாகவும் இருந்தன என்று அவர்கள் கண்டனர். எச்சத்தைப் பொறுத்தவரை அவர்களும் முன்னையோர் சொன்னதையே வற்புறுத்தினர்.

புற்றுநோயைத் தடுக்குமா என்னும் வினாவுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. பிரான்சிலே 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு தடுக்கக்கூடும் என்றது. அதற்கு முன், பிரித்தானியாவிலே 6 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவோ மொத்தத்தில் அத்தகைய பயன் காணப்படவில்லை என்றது. சேதன உணவை வாங்குவோர் பொதுவாக வசதியுள்ளோராயும் புகைத்தல் குறைந்தோராயும் இருப்பதனால், நன்மை எதனால் வந்ததென்று பிரித்துக் காண்பது எளிதன்று. எனவே, சேதன உணவின் தெளிவான சிறப்பு அதில் உள்ள பொருளினாலன்று, அதில் இல்லாத பொருளினாலேயே என்று கொள்ளலாம்.

இது ஒருபுறமிருக்க, நம்மவர் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. அது உணவுத் தட்டிலன்று, கிணற்றிலே இருக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே நமக்குக் கிணற்று நீராகின்றது. தோட்டத்திலே தேவைக்கு மிஞ்சி இடும் பசளை, நீரிற் கரைந்து நைத்திரேற்று என்னும் வடிவிலே அதே வெடிப்புகளின் வழியாகக் கீழிறங்குகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அதனோடு சேர்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்திலே செறிவாகப் பயிர் செய்யும் இடங்களின் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு மீறப்பட்டுள்ளதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதனால் முதலிற் பாதிக்கப்படுவோர் பச்சிளங் குழந்தைகள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இத்தகைய நீரிலே பாற்கூழ் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். நைத்திரேற்று அழியாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தாய்ப்பால் ஊட்டுதலும், கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தலுமே தக்க காப்பு. ஆகவே, பசளையை அளவறிந்து இடும் அயற்கமக்காரரிடம் நாம் மரக்கறி வாங்கும்போது, நம் கிணற்றையும் காத்துக்கொள்கிறோம். ஆயினும், எருவையும் அளவின்றிக் கொட்டினால் அதுவும் நைத்திரேற்றாகவே கீழிறங்கும் என்பதை மறத்தலாகாது.

அவ்வாறாயின், இரசாயனப் பசளையை ஒரே நாளில் ஒழித்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதன் விளைவை நம் நாடு கண்டுள்ளது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, பூச்சிநாசினி ஆகியவற்றின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை கைவிடப்பட்டது. ஆயினும், அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இதன் காரணத்தைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். 100 கிலோகிராம் யூரியாவிலே 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. கூட்டெருவிலோ அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. அதே அளவு நைதரசனைப் பெற 2 முதல் 4 தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அவ்வளவு எருவை ஆக்குவதற்கும் மண் பழகுவதற்கும் ஆண்டுகள் பல செல்லும். சேதன முறையில் விளைவு சராசரியாக ஐந்திலொரு பங்கு குறைகின்றது என்று ஆய்வுகள் கூறுகின்றன. கைவேலையோ கூடுகின்றது. சேதன மரக்கறியின் விலை உயர்ந்திருப்பதற்கு வணிகரின் பேராசை மாத்திரம் காரணமன்று என்பது இதனால் விளங்கும்.

இனி, குடும்பத் தலைவியர் மேற்கொள்ளத்தக்க வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, மருந்துக்கு அஞ்சி மரக்கறியைக் குறைத்தலாகாது. நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாது மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாடசாலையிலே மாணாக்கரின் மதிய உணவைப் பார்க்கும்போது எனக்குக் கவலை தருவது மருந்தடித்த மரக்கறியன்று, மரக்கறியே இல்லாமைதான். சாதாரணச் சந்தையில் வாங்கிய கீரையை உண்ணும் பிள்ளை, சேதனம் என்று பெயரிட்ட இனிப்புப் பண்டத்தை உண்ணும் பிள்ளையிலும் நலமாக வளரும். சேதனச் சீனியும் சீனியே.

இரண்டாவது, மருந்து வேண்டாத உணவுகளை நாடுதல். கத்தரி, மிளகாய், போஞ்சி, கோவா, பாகல் ஆகியவற்றைப் பூச்சிகள் மிகுதியாகத் தாக்குவதனால் அவற்றுக்கு அடிக்கடி மருந்தடிக்கின்றனர். மேலதிகப் பணம் கொடுக்க இயலுமாயின் இவற்றுக்குக் கொடுங்கள். முருங்கை, அகத்தி, வாழைப்பூ, பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளி முதலியனவோ வீட்டுவளவிலே பெரும்பாலும் மருந்தின்றியே விளைகின்றன. முருங்கையிலை வறைக்கு முத்திரை எதுவும் வேண்டுவதில்லை. ஏழைக் குடும்பத்தின் சேதன உணவு வேலியோரத்திலேயே நிற்கின்றது.

மூன்றாவது, விளைவித்தவரை அறிந்து வாங்குதல். கடைசியாக மருந்தடித்த நாள் எது என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்களைக் கழித்துப் பறிக்கும் நேர்மையான கமக்காரரின் கத்தரிக்காய், சான்றிதழ் இல்லாத "ஓகனிக்" பெயரைவிட நம்பத்தக்கது. பெருந்தொகை கொடுத்து வாங்குவதாயின், சான்று வழங்கியவர் யார் என்று பொதியிலே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கழுவுதல். ஓடும் நீரிலே கையாலே தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பிலுள்ள எச்சம் குறையும். கோவாவின் வெளியிலைகளை நீக்கிவிடுக. சவர்க்காரம் இட்டுக் கழுவுதல் கூடாது. செடியினுள்ளே ஊடுருவும் மருந்துகள் கழுவுவதாற் போகா. அதனாலேயே காத்திருப்பு நாட்கள் முக்கியமாகின்றன. சேதன மரக்கறியையும் கழுவாமல் உண்ணாதீர்கள். நன்றாக உக்காத சாணத்திலே நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

ஐந்தாவது, இயன்ற அளவு வீட்டிலே பயிரிடுதல். கிணற்றடியிலே நாலு வாழை, குசினிக் கோடியிலே ஒரு பாத்தி கீரை, பழைய வாளியிலே இரண்டு மிளகாய்க் கன்று என்று தொடங்கலாம். சமையற் கழிவையும் சருகையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடைக்கிடை புரட்டினால் மூன்று மாதமளவிற் கூட்டெரு ஆயத்தமாகிவிடும். பூச்சி வந்தால் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்த நீரைத் தெளிக்கலாம். இவ்வேலையிற் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான் நீரூற்றி வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளை அரிது.

நேயர்களே, சேதன உணவு வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று ஒதுக்குவதும், அதனை உண்ணாவிடின் நோய் தவறாது வரும் என்று அஞ்சுவதும் ஒருங்கே தவறாகும். கீரையும் காயும் பழமும் பிள்ளையின் தட்டிலே நாள்தோறும் இருக்கட்டும். அதன் பின், அவற்றுள் எவற்றை மருந்தின்றிப் பெற இயலுமோ அவற்றை ஒவ்வொன்றாக அவ்வாறு பெற முயலுங்கள். இவ்வாரம் வீட்டு வேலியிலே ஒரு முருங்கைக் கிளையை நட்டுவைப்பதும் அம்முயற்சிக்கு நல்ல தொடக்கமே.