உடம்பிலே ஒரு களஞ்சியசாலை

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அக்குறணை வந்துவிடும். வாணிபத்தாற் பெயர் பெற்ற ஊர். சாலையின் இருமருங்கிலும் கடைகள். கடைகளுக்குப் பின்னே பிங்கா ஓயாவும் மேடும் பள்ளமுமான ஒழுங்கைகளும். முன்னாளில் மேட்டிலுள்ள வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கி மீண்டும் ஏறுவதே ஒருவருக்கு நாளாந்தத் தேகாப்பியாசமாக அமைந்திருந்தது. இன்றோ முச்சக்கர வண்டி வீட்டு வாயிலுக்கே வருகின்றது. கல்லாவில் அமர்ந்த முதலாளி, தொழுகைக்கும் உணவுக்கும் எழுவது தவிர, இரவு கடை அடைக்கும் வரை அமர்ந்தே இருக்கிறார். மாணவர்களும் பாடசாலை விட்டால் டியூசன் வாங்கில் உட்கார்ந்து விடுகின்றனர்.

இதனால் வரும் கேடு யாது? 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் ஏறக்குறைய ஐயாயிரம் பேரைப் பரிசோதித்து நடத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலுமானோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. கிராமப்புறங்களில் இது 8.7 வீதம், நகர்ப்புறங்களில் 16.4 வீதம். நகரத்தார் ஏறக்குறைய இரு மடங்கு! இந்நிலைக்கு உணவும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வட்டிலப்பத்தின் மீதே முழுப்பழியையும் சுமத்துவது நியாயமன்று என்பது என் கருத்து. உண்ட சீனி எங்கே போய்ச் சேருகின்றது என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும்.

நலமுள்ள ஒருவரின் குருதி முழுவதிலும் உள்ள குளுக்கோசைத் திரட்டினால் ஒரு தேக்கரண்டி அளவே தேறும். ஒரு தட்டுச் சோறு உண்டாலோ பத்துத் தேக்கரண்டிக்கும் மேற்பட்ட குளுக்கோசு குருதியை நோக்கி வருகின்றது. இத்தனையையும் வாங்கி வைக்க ஒரு களஞ்சியசாலை வேண்டுமன்றோ? ஈரல் ஒரு சிறு களஞ்சியம். பெருங்களஞ்சியமோ எலும்புகளைப் பற்றியிருந்து அவற்றை அசைக்கும் வன்கூட்டுத் தசைகளாகும். நம் உடல் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை இத்தசையே. பயில்வான்களின் புயங்களைக் கண்டு வியக்கும் நாம், தசை என்றால் பலம் என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். சீனிக் கணக்கைச் சரிக்கட்டும் பொறுப்பிலும் பெரும்பகுதி அதனுடையதே.

களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் முறை வியப்புக்குரியது. சதையியிலிருந்து சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன் தசைக் கலத்திற்கு ஆணையிட, உள்ளே மறைந்திருக்கும் சில புரதங்கள் கலத்தின் மேற்பரப்புக்கு வந்து நின்று குளுக்கோசை உள்ளே காவிச் செல்கின்றன. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பவரின் தசையில் பழைய சரக்கு செலவாவதில்லை. இன்சுலினின் ஆணைக்கும் அது மெல்ல மெல்லச் செவி சாய்க்காது போகின்றது. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைத்துப் போகும்போது நீரிழிவு தலைகாட்டுகின்றது. ஆனால், தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, அதே புரதங்கள் இன்சுலினின் ஆணையை எதிர்பாராமலே மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. நீரிழிவு உள்ளவரிடத்திலும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் பழுதுபடுவதில்லை! நடந்து முடித்த பின்னரும் ஏறக்குறைய ஒரு நாள், சில வேளை இரு நாட்கள் வரை, தசை இன்சுலினுக்கு முன்னிலும் நன்றாகச் செவிசாய்க்கின்றது. வாரத்திற்கு ஒருமுறை ஞாயிறன்று மட்டும் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது மேல் என வைத்தியர்கள் கூறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பழக்கம் நீடித்தால் தசையின் அமைப்பே மாறுகின்றது. கலத்தினுள் ஒட்சிசனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் நுண்ணிய உலைகளுக்கு இழைமணி என்று பெயர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜோன் ஹொலொசி, எலிகளைச் சில மாதங்கள் ஓடப் பழக்கி, அவற்றின் தசையில் இவ்வுலைகளின் எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காவதைக் காட்டினார். தசையிழைகளைச் சுற்றிப் புதிய மயிர்க்குழாய்களும் கிளைக்கின்றன. பாரம் தூக்குவோர்க்கு இழைகள் தடிக்கின்றன. ஆனால் முதற் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. ஆகையால் புயத்தை அளந்து பார்த்து மனந்தளரும் இளைஞர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். வேலை செய்யும் தசை குருதியில் சில பொருள்களைச் சுரந்து ஏனைய உறுப்புகளுக்குச் செய்தி அனுப்புவதும் இன்று தெரிந்திருக்கின்றது. கோப்பன்ஹேகனைச் சேர்ந்த பென்டே பீடர்சனும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் அவற்றிற்கு ‘மயோகைன்’ என்று பெயரிட்டனர்.

இருதயத்தின் கதையை லண்டன் பஸ்கள் சொல்லின. இரண்டு தட்டு பஸ்களில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என வைத்தியர் ஜெரமி மொரிஸ் 1953இல் வெளியிட்டார். சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பருத்தவர்கள் என்பதை, அவர்களுக்கு வழங்கிய சீருடையின் அளவைக் கொண்டு பின்னர் அவரே கண்டுபிடித்ததும் குறிப்பிடத்தக்கது. தம் முடிவைத் தாமே ஐயுறுவதன்றோ விஞ்ஞானம்! எனினும் அதன் பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவர் கூற்றின் அடிப்படையை உறுதி செய்துள்ளன.

இவையெல்லாம் மேல்நாட்டார் உடம்புக்குத்தானே என்று எவரேனும் கேட்கலாம். நம் மக்களின் உடல்வாகுக்கு நெருங்கிய சான்று சென்னையிலிருந்து கிடைத்திருக்கின்றது. வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. நாளுக்கு அரை மணி நேரமேனும் விரைந்து நடந்து உணவையும் சீர்செய்யுமாறு பழக்கப்பட்டோரில் அது 39ஆகக் குறைந்தது. மெட்போர்மின் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்குக் கிடைத்த பயனும் ஏறக்குறைய அதுவே. இன்னுமொன்று: நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! தராசைப் பார்த்துவிட்டு நடையைக் கைவிடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தோரை அவ்வாய்வாளர், செய்வதைத் தொடருமாறு மட்டுமே கேட்டுக் கொண்டனர்.

மலைநாட்டிலிருக்கும் நமக்கு வேறொரு வசதியும் உண்டு. ஒஸ்திரிய நாட்டு மலைப்பகுதியில் ஓர் ஆய்வில், ஒரு காலப்பகுதி முழுவதும் மலையேறி இழுவை ஊர்தியில் இறங்கவும், மற்றொரு காலப்பகுதி ஊர்தியில் ஏறி நடந்தே இறங்கவும் மக்களைப் பணித்தனர். ஏற்றம் குருதியிலுள்ள கொழுப்பைக் குறைத்தது. இறக்கமோ குளுக்கோசைக் கையாளும் திறனைக் கூட்டியது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. பழகாதவருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இதனாலேயே. சில நாட்களில் வலி தானே தணியும். அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. முழங்கால் நோயுள்ளவர்கள் மட்டும் செங்குத்தான இறக்கத்தைத் தவிர்ப்பது நன்று.

வயோதிபர்களுக்கு இனி என்ன என்று வீட்டார் அவர்களைக் கட்டிலில் இருத்திவிடுகிறார்கள். அன்பினால் செய்யும் தீங்கு இது. 1990இல் வெளியான பொஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்திலிருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் காலாற் பாரம் உயர்த்தும் பயிற்சி அளித்தனர். பயிற்சியை நிறைவு செய்தவர்களின் தொடைப் பலம் சராசரியாக இரு மடங்குக்கு மேலாகப் பெருகிற்று. நம் வீட்டுப் பெரியம்மாவுக்குப் பாரம் எதற்கு? சுவரோரம் வைத்த உறுதியான கதிரையிலிருந்து, யாரேனும் அருகே நிற்க, கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வதை ஐந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டினாற் போதுமானது. வீட்டு வேலையிலேயே நாளைக் கழிக்கும் பெண்களுக்கும், அமர்ந்து செய்யும் வேலைகள் பெருகிவிட்ட இக்காலத்தில், மாலை நடை வேண்டியதே.

கடைக்காரர்கள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் உலாவட்டும். உணவுக்குப் பின் சிறிது நேரம் நடக்கட்டும். உணவை அடுத்துக் குருதியில் எழும் சீனி அலை இதனால் தணிகின்றது. நெஞ்சுவலியுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலின் ஏற்றுவோரும் சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரை உண்போரும், நடக்கையில் சீனி மட்டம் அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதால், சட்டைப்பையில் சிறிது சீனியோ குளுக்கோசு வில்லையோ வைத்திருத்தல் அவசியம். நீரிழிவுள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, கொப்புளமோ கீறலோ உண்டா என வெளிச்சத்திற் பார்த்துக்கொள்ள வேண்டும்.