மழைக்கு மட்டும் ஒரு கதவு

ஓட்டோ ஓடுபவர்களின் மாதச் செலவு பற்றி வேறொரு கட்டுரைக்காக அலைந்து கொண்டிருந்தபோதுதான் கிளிநொச்சியில் அந்தக் குஷன் கடைக்குப் போனேன். ஓர் ஓட்டோ ஹூட் எத்தனை வருடம் தாங்கும், மாற்ற எவ்வளவு முடியும் என்று கேட்பதற்காக. கடை வாசலில் றெக்சின் துண்டுகளுக்கு நடுவே இரண்டு ஜீப் கதவுகள் கிடந்தன. கதவு என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல். வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் வெளிறிப்போன பச்சைக் கன்வஸ், நடுவில் தேன் நிறமாகிவிட்ட ஒரு பிளாஸ்ரிக் யன்னல். ஒரு கையால் தூக்கலாம்.

வவுனியாப் பக்கம் ஒருவர் வாங்கித் திருத்தும் பழைய வில்லிஸ் ஜீப்பின் கதவுகளாம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வண்டி வகை அது. ஆரம்பத்தில் அதற்குக் கதவே கிடையாது. மழை வந்தால் கட்டிக்கொள்ளப் பக்கச் சீலைகள் மட்டும் இருந்தன. சட்டத்தில் இழுத்துத் தைத்த சீலைக் கதவுகள் பின்னால் வந்தவை.

எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். காற்றில் கன்வஸ் படபடக்க வரும் ஜீப்பின் சத்தம். சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்று, அந்த மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு உள்ளே இருப்பவர் எங்களைப் பார்க்கிறாரா என்று தெரியாமல் நிற்போம். வெளியில் நின்று மட்டுமே பார்த்த அந்தக் கதவை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தது அன்றுதான். எனக்கு ஓட்டோ மறந்துபோனது.

கடைக்கார ஐயாவுக்கு அறுபது கடந்திருக்கும். கேட்டதற்கெல்லாம் கையில் பிடித்துக் காட்டித்தான் பதில் சொன்னார்.

"இஞ்ச பாருங்கோ தம்பி, சீலை கெதியில போகாது. முதல்ல போறது நூல். பிறகு பிளாஸ்ரிக். சீலை கடைசியாத்தான் போகும்."

அவர் சொன்னது சரி. யன்னலுக்குப் போடும் தெளிவான பிளாஸ்ரிக் பிவிசி வகை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற ஒரு சேர்மானம் கலக்கிறார்கள். வெயிலிலும் வெக்கையிலும் அந்தச் சேர்மானம் மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. ஓட்டோவின் பின் யன்னல் முதலில் பிசுபிசுத்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் அப்பளம் போல உடைவது இதனால்தான். தூசியைக் காய்ந்த துணியால் துடைத்தால் இன்னும் விரைவில் மங்கும். தூசியில் இருக்கும் மணல் கீறிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சிலர் பெற்றோல், தின்னர் போட்டுத் துடைக்கிறார்கள். அது யன்னலை ஒரே நாளில் கெடுக்கும் வழி.

யன்னல் மாற்றுவதில் ஐயாவிடம் ஒரு நுட்பம் பார்த்தேன். பழைய பிளாஸ்ரிக்கை முதலில் வெட்டி எடுக்கவில்லை. வெட்டினால் சுற்றியுள்ள சீலை தளர்ந்து அளவு கோணிவிடும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புப் புதுப் பிளாஸ்ரிக்கை வெயிலில் விரித்து மடிப்பு நீங்கிய பின், பழையதின் மேலேயே வைத்து நான்கு பக்கமும் இரட்டைத் தையல் போட்டார். பிறகு கதவைத் திருப்பி, உள்பக்கமாகப் பழையதை மட்டும் வெட்டி எடுத்தார். யன்னல் இருந்த இடத்திலேயே இருந்தது.

தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நினைத்திருந்தேன். பிளாஸ்ரிக்கில் அது நேர்மாறு. நெருக்கமான ஊசித் துளைகள் முத்திரைத் தாளின் ஓரம் போலாகி, இழுத்தவுடன் வரிசையாகக் கிழிந்துவிடும். அங்குலத்துக்கு ஆறு தையல் போதும் என்றார். நூல் பொலியெஸ்ரர். பருத்தி நூல் மாரியில் உக்கிவிடும், நைலோன் வெயிலுக்குப் பலம் இழக்கும்.

கிழிசலுக்கு ஒட்டு வைப்பதானால் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். பசை மட்டும் போதாது, தையலும் வேண்டும். சட்டத்தின் கீழ்க் குழாயைத் தட்டிப் பார்க்க வேண்டும். சீலை வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கி, உள்ளிருந்து துரு அரிக்கும். ஐயா அந்தக் குழாயின் அடியில் சிறு துளை போட்டுவிட்டார், தண்ணீர் வடிய. சட்டம் வளைந்திருந்தால் சீலையில் கை வைப்பதற்கு முன் அதை வண்டியில் மாட்டி நிமிர்த்த வேண்டும். வளைந்த சட்டத்துக்கு நேரான சீலை தைத்தவர்கள் இரண்டு தடவை தைக்க நேரிடும்.

எப்போது திருத்துவது, எப்போது முழுதாக மாற்றுவது? பெருவிரலால் சீலையை அழுத்தினார். ஒரு கதவில் சீலை தாங்கியது. மற்றதில் விரல் உள்ளே போய்விட்டது. அதற்குப் புதுச் சீலை. ஆனால் பழையதை எறியவில்லை. தையலைப் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டினார்.

இந்த வேலை உலகம் முழுவதும் இராணுவப் பணிமனைகளில் இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. ஜீப்பின் இடத்துக்கு 1980களில் வந்த அமெரிக்க ஹம்வி வண்டியின் சாதாரண வகைகளுக்கும் சீலைக் கதவுகளே இருந்தன. அதே குழாய்ச் சட்டம், பிளாஸ்ரிக் பூசிய துணி, பிளாஸ்ரிக் யன்னல். பாரமில்லை, காற்று வரும், தேவையில்லாதபோது பிணைச்சலில் இருந்து தூக்கிக் கழற்றி வைக்கலாம், அவசரத்தில் குதித்து இறங்கலாம். ஹம்வி முன்வரிசைக்குப் பின்னால் ஆட்களையும் பொருட்களையும் கொண்டுபோக உருவானது. பின்னால் இருப்பவருக்குக் கதவு மழைக்கும் தூசிக்கும் மட்டும் போதும் என்பது அந்தக் கணக்கு.

அந்தக் கணக்கு ஈராக்கில் பொய்த்தது. 2003 மார்ச்சில் படையெடுப்புத் தொடங்கியபோது பல அணிகள் கதவுகளைக் கழற்றிவிட்டே ஓடின. சில மாதங்களில் வீதியோரக் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. முன்வரிசை, பின்வரிசை என்ற பிரிவே இல்லாமல் போனது. சாப்பாடு ஏற்றிப் போகிறவரும் குண்டு வெடிக்கும் அதே வீதியால்தான் போக வேண்டும். சீலைக் கதவில் ஓட்டை விழுந்தால் ஒட்டு வைக்கலாம். சீலைக் கதவே ஓட்டைதான் என்றால் குஷன்காரர் என்ன செய்வார்?

படையினர் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். தரையில் மண்மூடை அடுக்கினார்கள். கழிவு இரும்புத் தகடுகளை வெட்டிக் கதவாக ஒட்டினார்கள். அமெரிக்க இராணுவம் பின்னர் கவசத்தை மூன்று தரமாகப் பிரித்தது. தொழிற்சாலையிலேயே கவசத்தோடு செய்யப்பட்டவை முதலாம் தரம். இரும்புக் கதவும் குண்டு துளைக்காத கண்ணாடியும் கொண்ட தொகுதியைக் கொண்டுவந்து பொருத்தியவை இரண்டாம் தரம். களத்திலேயே தகடு வெட்டி ஒட்டியவை மூன்றாம் தரம். மூன்றாவதில் கண்ணாடி இல்லை.

2004 டிசம்பர் 8 அன்று குவைத்தில் ஒரு முகாமில் பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்பெல்ட் படையினரைச் சந்தித்தார். ரெனசி மாநிலத் தேசியக் காவற்படையைச் சேர்ந்த தோமஸ் வில்சன் என்ற சிப்பாய் எழுந்து, எங்கள் வண்டிகளுக்குக் கவசம் போட நாங்கள் ஏன் உள்ளூர்க் குப்பை மேடுகளில் இரும்புத் துண்டு பொறுக்க வேண்டும் என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் ஆரவாரித்தார்கள். இருக்கிற படையோடுதான் போருக்குப் போக முடியும், விரும்புகிற படையோடு அல்ல என்ற பொருளில் ரம்ஸ்பெல்ட் பதில் சொன்னார். உற்பத்தி வேகம் பணப் பிரச்சினை அல்ல, பௌதிகப் பிரச்சினை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு கவச ஹம்வி செய்த நிறுவனம் மாதம் 450 என்ற அளவை 550 வரை உயர்த்த முடியும் என்று தெரிவித்தது. பௌதிகம் அத்தனை கடினமாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைச் சொல்லொழுங்காக்க உதவியவர் அவர்களோடு பயணித்த ஒரு பத்திரிகையாளர் என்பது பிறகு தெரியவந்தது. ஊடகக் கல்வி வகுப்பில் அது சரியா பிழையா என்று நாங்கள் நீண்ட நேரம் வாதிட்டிருக்கிறோம். அப்போது நான் பிழை என்ற பக்கம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பத்திரிகையாளர்களுக்கு அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்க இடமில்லை, சிப்பாய்களுக்கு இருந்தது. கேள்வி உண்மையானது.

இரும்புக் கதவு வந்ததும் வேறு சிக்கல்கள் வந்தன. சாதாரண ஹம்வி ஏறக்குறைய 2,400 கிலோ. தொழிற்சாலைக் கவச வகை 4,400 கிலோவைத் தாண்டும். பிரேக், சஸ்பென்சன், எஞ்சின் எல்லாம் விரைவில் தேய்ந்தன. வண்டி தலைகீழாகப் புரண்டாலோ வாய்க்காலில் விழுந்தாலோ உள்ளிருப்பவரால் அந்தக் கதவைத் தள்ளித் திறக்க முடியவில்லை. தப்ப முடியாமல் இறந்தவர்கள் உண்டு. வெளியில் இருந்து இன்னொரு வண்டியால் கதவை இழுத்துப் பிய்க்கக் கொளுக்கிகள் செய்தார்கள். தடித்த கண்ணாடியும் வெயிலில் அடுக்கடுக்காகப் பிரிந்து பால் போல் மங்கியது. பிளாஸ்ரிக் யன்னலின் பழைய வருத்தம்தான், விலை மட்டும் பல மடங்கு.

அந்த வீதிகளில் எதிரே வந்த ஈராக்கியரின் கார்க் கதவு மெல்லிய தகரம். சோதனைச் சாவடியில் நிறுத்தத் தவறியதால் குடும்பத்தோடு சுடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் தரங்களில் அந்தக் கதவுக்கு இடமில்லை.

இந்தக் கதையின் அடுத்த திருப்பம் எங்களுக்குத் தெரிந்த வண்டி. 2007இல் அமெரிக்கா அவசரமாக வாங்கிக் குவித்த, அடிப்பாகம் 'வி' வடிவான கண்ணிவெடி தாங்கும் வண்டிகளின் மூதாதையர் தென்னாபிரிக்காவின் கஸ்பிர், பவ்வல் போன்றவை. நாங்கள் பவள் என்று சொல்லும் அதே பவ்வல். திருநெல்வேலியில் 1983 யூலை 23 இரவு கண்ணிவெடித் தாக்குதலில் சிக்கிய இராணுவ அணி ஜீப்பிலும் ட்ரக்கிலும் வந்தது. 13 படையினர் கொல்லப்பட்டனர். அதைச் சாட்டாக வைத்துத் தமிழருக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1980களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவில் இருந்து பவள் வந்தது. பிறகு அதைப் பார்த்து யூனிகோன் என்ற வண்டியை இலங்கை இராணுவப் பொறியியலாளர்களே செய்தார்கள். அமெரிக்கப் படை ஈராக்கில் கற்ற பாடம் இங்கே இருபது வருடங்களுக்கு முன்பே வீதியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஈராக்கில் வண்டிக்குள் மண்மூடை அடுக்கிய கதையை ஐயாவுக்குச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த மெசினை நிறுத்தினார்.

"மண்மூடை நானும் தைச்சனான் தம்பி. கணக்கில்லை."

2008 கடைசியில் கடையை விட்டு வெளிக்கிட்டபோது மெசினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, ட்ரக்டரில் ஏற்றியிருக்கிறார். தருமபுரம், விசுவமடு, பிறகு மாத்தளன். போன இடமெல்லாம் சனம் பதுங்குகுழி வெட்டியது. சாக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் சீலைகளைக் கொண்டுவந்தார்கள். முதலில் பழைய நூல் சீலைகள். பிறகு நைலெக்ஸ். பிறகு பட்டு.

"கூறைச் சீலையும் வந்தது. வெட்டட்டோ பிள்ளை எண்டு கேட்டன். வெட்டுங்கோ ஐயா எண்டு சொல்லிப்போட்டு அங்கால பாத்துக்கொண்டு நிண்டா."

தையலைப் பற்றிக் கேட்டேன். மண்மூடைக்கு நெருக்கமான தையல் வேண்டுமாம். அங்குலத்துக்குப் பன்னிரண்டு. கடற்கரைப் பக்க மணல் பொடி, இல்லாவிட்டால் ஒழுகிவிடும். மூலைகளில் மூன்று தரம் ஓட்ட வேண்டும், ஈர மண் நிரப்பினால் பாரம் அங்கேதான் விழும். பட்டில் தைத்த மூடை வழுக்கும். அதனால் நூல் சீலை மூடைகளை அடியிலும் பட்டை மேலும் அடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சன்னத்தையும் சிதறலையும் மறிப்பது மண்தான், சீலைக்கு மண்ணைச் சேர்த்துப் பிடிக்கிற வேலை மட்டும் என்றார். நேரே விழுந்தால் அதுவும் இல்லை.

மெசின் தலை வலைஞர்மடத்தில் விடப்பட்டது. இப்போது இருப்பது மீள்குடியேறிய பின் வாங்கியது.

பின்னேரம் வண்டிக்காரர் வந்தார். இரண்டு கதவுகளையும் பிணைச்சலில் இறக்கி மாட்டினார்கள். இடப்பக்கக் கதவின் கீழ் மூலையில் ஒரு விரல் போகிற அளவு இடைவெளி இருந்தது. ஐயா குனிந்து பார்த்துவிட்டு, சட்டத்தைக் காலால் ஒரு தடவை உதைத்து, திரும்பவும் பார்த்தார்.

"றப்பர் ஓரம் வைச்சுத் தாறன். மழைக்குள்ள ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வாங்கோ. ஒழுகினால் காசு வேண்டாம்."