பொற்சாவியும் மரச்சாவியும்

சென்ற ஆண்டு ஒருநாள், மாலைச் செபமணி ஒலித்து ஓய்ந்த வேளையில், மேனிலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தி தன் தாயுடன் நமது பங்குமனைக்கு வந்தாள். கையில் ஒரு குறிப்பேடு. ஆங்கில வகுப்புக்கெனக் கற்க வேண்டிய அணிகளின் பெயர்களும் அவற்றின் இலக்கணமும் அதில் அழகிய கையெழுத்தில் நிரம்பியிருந்தன. அடுத்த பக்கங்களில் அருஞ்சொற்கள். எதைக் கேட்டாலும் பிழையின்றி ஒப்பித்தாள். ஆனால் பாடல் வரி ஒன்றைக் காட்டி, இதில் பயின்றுள்ள அணி யாது, அது இங்கே என்ன பணி செய்கிறது என்று வினவியபோது வாய் திறக்கவில்லை.

"எனக்கு ஆங்கிலம் வராது, சாமி. கல்லூரியில எல்லாப் பாடமும் ஆங்கிலந்தானாம். நான் போகல" என்று கண் கலங்கினாள்.

மீன் விற்று மகளைப் படிக்கவைக்கும் அந்தத் தாய் பதறிப்போனார். "அப்படிச் சொல்லாதம்மா. சாமி, வீட்டுல நாலு வயிறு இவள நம்பி இருக்கு. நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார்.

நாம் மகளிடம் திரும்பினோம். "உன் வீட்டில் இருப்பது நான்கு வயிறா, நான்கு பேரா?"

"நாலு பேர், சாமி."

"பின் ஏன் அம்மா வயிறு என்றார்?"

சற்று நேரம் சிந்தித்தாள். "பசிய நினைச்சுச் சொல்லியிருப்பாங்க."

"உறுப்பின் பெயர் அதனை உடையவருக்கு ஆகிவந்தால், தமிழ் வகுப்பில் அதற்கு என்ன பெயர்?"

"சினையாகுபெயர்." தடையின்றி வந்தது விடை.

குறிப்பேட்டைப் புரட்டி, அவள் உச்சரிக்கவே அஞ்சிய 'சினெக்டகி' என்ற சொல்லைக் காட்டினோம். பகுதி முழுமையைக் குறிப்பதும், முழுமை பகுதியைக் குறிப்பதும் அதன் இலக்கணம். நம் இலக்கண நூலார் சினையாகுபெயர் என்றும் முதலாகுபெயர் என்றும் வகுத்தவை அவையே. அவள் அச்சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெருஞ்சுமையாகத் தோன்றியது, தன் தாயின் வாயில் நாள்தோறும் வழங்கும் பேச்சு என்று கண்டாள்.

அவளுடைய அச்சம் புதியதன்று. இப்பெயர்களுள் பெரும்பாலானவை கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ஆங்கிலேயருக்கே அவை ஒரு காலத்தில் வாயில் நுழையாதிருந்தன. 1589-இல் இலண்டனில் வெளிவந்த, ஜார்ஜ் புட்டன்ஹாம் இயற்றியதாகக் கருதப்படும் செய்யுட்கலை நூல், இப்பெயர்களுக்குத் தாய்மொழியிலேயே பெயர் சூட்ட முயன்றது. 'அயர்னி' என்பதற்கு 'உலர்ந்த கேலி' என்றும், 'ஹைப்பர்பொலி' என்பதற்கு 'உரத்த பொய்யன்' என்றும் பொருள்படும் பெயர்களை அது வழங்கியது. அப்பெயர்கள் நிலைக்கவில்லை, கிரேக்கப் பெயர்களே நிலைத்தன. எனினும் அந்நூல் காட்டிய வழி நல்ல வழி. அறியாத பெயரை அறிந்த மொழியில் வைத்துப் பார்த்தால் அச்சம் அகலும்.

நம் பிள்ளைகளுக்கு அது மேலும் எளிது. சிமிலி நம் உவமை, மெட்டஃபர் உருவகம், ஹைப்பர்பொலி உயர்வுநவிற்சி, அலிட்டரேஷன் மோனைக்கு நெருங்கிய உறவு. தொல்காப்பியத்தில் உவமைக்கென ஓர் இயலே உண்டு. தண்டியலங்காரம் பொருளணிகளை முப்பத்தைந்தாக வகுத்துரைக்கிறது. இரு மொழி அணிகளும் எல்லா இடத்திலும் அச்சாக ஒன்றுபடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் தொடங்குவதற்கு இவ்வுறவு போதும். திருவழிபாட்டிலும் விவிலியத்திலும் இவை நமக்குப் பழக்கமானவையே. மலைப்பொழிவின் பேறுகள் ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன என்பார்களே, அதுதான் அனஃபோரா. மன்றாட்டுமாலையில் ஒவ்வோர் அழைப்பின் இறுதியிலும் ஒரே வேண்டுதல் திரும்பத் திரும்ப வருவது எபிஸ்ட்ரஃபி. ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் இணைத்து ஆண்டவர் பேசியது உயர்வுநவிற்சி.

பெயரை அறிந்த பின் மாணவர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இவ்வணியை எடுத்துவிட்டால் எதை இழப்போம்? அந்தத் தாய் 'நாலு பேர்' என்றிருந்தால் அது வெறும் கணக்கு. 'நாலு வயிறு' என்றதால் பசி நம் முன் வந்து நின்றது. இதனை உணர்ந்த மாணவர், தேர்வில் பெயரை மட்டுமன்று, அதன் பயனையும் சொந்தமாக எழுதுவார்.

அருஞ்சொற்களுக்கும் இதுவே முறை. குருமடத்தில் இலத்தீன் கற்றபோது நாம் கண்ட உண்மை, சொற்கள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன என்பது. சொல்லுதல் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து எத்தனை ஆங்கிலச் சொற்கள்! முன்கூட்டிச் சொல்வது பிரெடிக்ட். எதிர்த்துச் சொல்வது கான்ட்ரடிக்ட். உண்மையாகச் சொல்லப்பட்டது வெர்டிக்ட். நன்மை சொல்வது பெனடிக்‌ஷன், அதாவது ஆசீர். நம் பங்குகளில் பெனடிக்ட் என்ற பெயரைத் தாங்கியோர் பலர், அப்பெயரும் இக்குடும்பத்ததே. ஒரு வேரை அறிந்தவருக்குப் பத்துச் சொற்கள் தாமே கதவு திறக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அம்மாணவியின் குறிப்பேட்டில் 'ஹோம்' என்பதற்கு ஈடாக 'அபோட்', 'டொமிசைல்' என்று எழுதியிருந்தது. முன்னது செய்யுளுக்குரியது, பின்னது சட்டத் தாளுக்குரியது. "உறையுள் திரும்பினேன், அம்மா" என்று எந்தப் பிள்ளையாவது தாயிடம் கூறுமா என்று கேட்டோம். அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

புனித அகுஸ்தினார் 384-இல் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராகப் பொறுப்பேற்றவர். மனம் மாறியபின் அப்பணியைத் துறந்தார், சொற்கலையை வெறுக்கவில்லை. ஆயராகி முதிர்ந்த வயதில், கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் இறுதிப் பகுதியைப் பேச்சுக்கலைக்கே ஒதுக்கினார். நாம் விரும்பும் பூட்டைத் திறவாத பொற்சாவியால் பயன் இல்லை, திறக்கும் மரச்சாவியால் குறையும் இல்லை என்பது அங்கே அவர் தரும் கருத்து. சொல் அரியதா, எளியதா என்பதன்று வினா, திறக்கிறதா என்பதே.

பிறமொழி கற்பது நம் மொழியைக் கைவிடுவதும் அன்று. இத்தாலியில் பிறந்து நம்மிடையே வந்த வீரமாமுனிவர், 1730-இல் இயற்றிய தொன்னூல் விளக்கத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு ஆகியவற்றோடு அணியிலக்கணத்தையும் தமிழில் வகுத்துத் தந்தார். அவர் அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கடந்த பாலத்தில், நம் பிள்ளைகள் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்கிறார்கள்.

அம்மாணவி இப்போது கல்லூரியில் பயில்கிறாள். ஆங்கிலம் அவளுக்கு இன்னும் எளிதாகிவிடவில்லை. விடுமுறையில் வரும்போதெல்லாம் ஐயங்களோடுதான் வருகிறாள். ஆனால் "எனக்கு வராது" என்ற சொல்லை அதன்பின் நாம் கேட்கவில்லை.

பெற்றோரே, நமக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு நாம் எவ்வாறு உதவுவது என்று ஒதுங்காதீர்கள். இரவு உணவின்போது, இன்று என்ன சொல் கற்றாய் என்று கேளுங்கள். அதன் பொருளைப் பிள்ளை சொல்லட்டும். அதையே நம் வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று நீங்கள் சொல்லுங்கள். பல பூட்டுகளுக்குரிய மரச்சாவி உங்கள் நாவில்தான் இருக்கிறது.